சிரிக்கக் கூடாத வீடு

கர்ஃப்யூ டீச்சர் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். அவள் வராந்தா முனையில் திரும்பினாலே அந்தப் பக்கம் ஈ காக்கை இருக்காது என்பதால் வந்த பெயர். பிள்ளைகள் வைத்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அதை வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. அன்றோடு அவர் அவளுடைய சொந்தப் பெயரை மறந்துபோனார். சாதாரண நாளில் டீச்சர், சண்டை நாளில் கர்ஃப்யூ.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கின. நீங்கள் இரண்டு பேரும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டபோதுதான் பழகினீர்களா என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. இல்லை. டீச்சர் எத்தனை மாடியானாலும் படியில்தான் ஏறுவாள். லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று அவர் ஒரு நாள் பொறுமையாக விளக்கிச் சொன்னார். அதற்குப் பிறகு இன்னும் உறுதியாகப் படியில் ஏறினாள்.

இப்போது அவருக்குப் படியும் இல்லை, லிஃப்டும் இல்லை. நரம்பில் வந்த நோய். முதலில் காலை எடுத்துக்கொண்டது, பிறகு கையை. சாவகாசமாக மேலே ஏறி வந்து கடைசியில் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. வாய்க்குள் போன சாப்பாடு வயிற்றுக்குப் போகாமல் வழி தவறி நுரையீரலுக்குப் போய், நிமோனியாவாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு வழியாகப் பிழைத்து வந்தார். இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு ஒரு குழாய் வைத்துவிட்டால் சாப்பாட்டை நேரே வயிற்றுக்கு அனுப்பிவிடலாம், ஆனால் அதையும் மூச்சில் தெம்பு இருக்கும்போதே செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் நாங்கள் கத்தியை எடுக்கவே பயப்படுவோம் என்றார்.

மெக்கானிக் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டால், நாக்குக்கு ருசி போய்விடும் என்றார். டீச்சர் எடுத்துச் சொன்னாள், கத்திப் பார்த்தாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தாள். வெளியூரில் இருக்கும் மகள் தினமும் போனில் ஏதேதோ படித்துக் காட்டிவிட்டுக் கடைசியில் அழுதாள். மனிதர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். ஆக, அவருடைய உயிர் வேளாவேளைக்கு ஒரு ஸ்பூனில் ஏறி உள்ளே போய்வந்தது. அந்த ஸ்பூன் டீச்சர் கையில் இருந்தது.

விழுங்கும் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, நறுக்கென்ற பேச்சு. தாடையை நெஞ்சோடு ஒட்டிவைக்க வேண்டும். ஒரு வாய்க்கு அரை ஸ்பூன்தான். எல்லாவற்றையும் மசித்துக் கூழாக்கித்தான் தர வேண்டும். தண்ணீரைக்கூட ஒரு பொடி கலந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டும். வாயில் சாப்பாடு இருக்கும்போது பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிரிக்கவே கூடாது. சிரித்தால் மூச்சுக்குழாய் வாயைத் திறந்துகொண்டு வா வா என்று சாப்பாட்டை உள்ளே அழைத்துக்கொள்ளும் என்றாள். சிரிக்கக் கூடாது என்று கேட்டதுமே மெக்கானிக் சிரித்துவிட்டார். அந்தப் பெண் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அனுதாபம் இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்காலத்தில் மட்டும்தான் கத்தும். இவருக்குப் பருவமே கிடையாது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. லிஃப்ட் பாதி வழியில் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டால், இவர் போய்க் கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கதவின் இடுக்கில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்துவிடுவார். "பயப்படாதீங்க, லிஃப்ட் எங்கயும் போயிடாது. அதுதானே இப்ப பிரச்சினையே" என்பார். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்துவிட்டால் மூச்சு சீராகும், கதவை உதைக்க மாட்டார்கள், எதையும் பிடித்து இழுக்க மாட்டார்கள், அவரும் நிம்மதியாக வேலை பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இதே பழக்கம். பயந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

டீச்சர் எப்படிப்பட்ட முகத்தோடு ஸ்பூனை நீட்டியிருப்பாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவள் பயப்படப் பயப்பட அவர் ஜோக் அடித்தார். அவர் ஜோக் அடிக்க அடிக்க அவளுக்குப் பயம் கூடியது. இதைக் கணக்காகக் கரும்பலகையில் எழுதியிருந்தால் விடை கிடைக்காத கணக்கு என்று அவளே அடித்துவிட்டிருப்பாள்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த ஒரு பொத்தான் இருந்தது. அவள் அதை அழுத்தினால் அவர், "மூணாவது மாடி, பல் டாக்டர், தையல் கடை, எறங்கறவங்க எறங்கலாம்" என்பார். துணியைக் கழுத்தில் கட்டினால் முடி வெட்டவா, ஷேவிங்கா என்பார். மசித்த உருளைக்கிழங்கைப் பார்த்து, இதை வைத்து ஒரு தடவை ஒரு கட்டடத்தில் சுவர் விரிசல் அடைத்தோம் என்பார். அவர் பேச்சு ஏற்கெனவே குழறத் தொடங்கியிருந்தது. வார்த்தைகள் வாயில் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தன. வேறு யாருக்கும் பாதி புரியாது. டீச்சருக்கு மட்டும் முழுதாகப் புரிந்து தொலைத்தது.

அவள் சிரிக்கவில்லை. ஒரு வருஷமாகவே அவர் முன்னால் அவள் சிரிக்கவில்லை. அவள் சிரித்தால் அவரும் சிரிப்பார், அவர் சிரித்தால் புரையேறும், புரையேறினால் ஆஸ்பத்திரி. உதட்டைக் கடித்துக்கொண்டு, கர்ஃப்யூ முகத்தை மாட்டிக்கொண்டு, "முழுங்குங்க" என்ற ஒரே வார்த்தையில் குடும்பம் நடத்தினாள். பயிற்சிப் பெண் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து முழுச் சாப்பாட்டையும் கவனித்தாள். கிளம்பும்போது டீச்சரைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், அவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார், நீங்கள் முதலில் பயத்தை மறையுங்கள் என்றாள். சொல்வதற்கென்ன. மறுநாள் டீச்சர் ஆஸ்பத்திரியில் கொடுத்த முகமூடியைக் கட்டிக்கொண்டு ஊட்டினாள். அவர் அவள் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கொள்ளைக்காரி கையால சாப்பிடற பாக்கியம் எத்தன பேருக்குக் கெடைக்கும்" என்றார். அதோடு முகமூடியும் குப்பைக்குப் போனது.

அவளை எரிச்சலில் எரித்த விஷயம் இன்னொன்றும் உண்டு. ருசி ருசி என்கிறாரே, அப்படி என்னதான் ருசி என்று ஒரு நாள் அந்தக் கூழை அவளே ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள். உப்பு போட்டிருந்தாள்தான், மிளகுத்தூளும் போட்டிருந்தாள்தான். என்றாலும் அது நனைந்த காகிதம்போல இருந்தது. இதற்காக ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைப்பாரா? நாக்கு ருசி கண்டவர், விருந்துக்குப் போனால் பரிமாறுகிறவரிடமே சமையல்காரரின் விலாசம் கேட்டு வந்தவர், இதைத் தின்பதற்காகவா குழாய் வேண்டாம் என்கிறார்? ஏதோ மறைக்கிறார் என்று பட்டது. கேட்டாள். அவர், "உன் கைப்பக்குவம் அப்படி டீச்சர்" என்று சொல்லிப் புரையேறிக்கொண்டார்.

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தனார் வந்தார்.

கொழுந்தனார் வங்கி வாசலில் காவல் பார்க்கிறவர். ஓங்குதாங்கான உடம்பு, முறுக்கிய மீசை. ஜோக் என்றால் என்னவென்றே தெரியாத ஆள். அதுதான் ஆபத்து. அண்ணனுக்கு உலகத்திலேயே பெரிய வேடிக்கை இந்தத் தம்பியின் சீரியஸ் முகம்தான். சின்ன வயதில் ஒரு துக்க வீட்டில் இவர் முகத்தைப் பார்த்து அண்ணன் சிரித்துவிட்டு, அடி வாங்கின கதை குடும்பத்தில் பிரசித்தம். வேறு நேரத்தில் வரக் கூடாதா என்றால், அவருக்கு ஓய்வு கிடைப்பதே அந்த ஒரு மதியம்தான். அண்ணனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று வாசலில் நின்று கண் கலங்குகிற மனிதரைப் போ என்று எப்படிச் சொல்வது?

டீச்சர் அவரை வாசலிலேயே நிறுத்தி உத்தரவு போட்டாள். அண்ணன் சாப்பிட்டு முடிக்கும் வரை பேசக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்க்கவே கூடாது. கொழுந்தனார் ஒவ்வொன்றுக்கும் "சரிங்கண்ணி" என்றார். உத்தரவு என்று வந்துவிட்டால் அவர் எழுத்துக்கு எழுத்து கேட்பார், அது அவர் உத்தியோகம். டீச்சர் பால்கனியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, சுவரைப் பார்த்தபடி போட்டு, அதில் அவரை உட்காரவைத்தாள். தண்டனை பெற்ற பிள்ளைபோல அவர் முழங்கால்மேல் கை வைத்து விறைப்பாக உட்கார்ந்தார். கட்டிலிலிருந்து மெக்கானிக் அந்த அகலமான முதுகைப் பார்த்தார். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நல்ல பிள்ளையாகத் தாடையை இறக்கிக்கொண்டார்.

பாதிக் கிண்ணம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. ஸ்பூன், விழுங்கல், இன்னொரு விழுங்கல், ஸ்பூன். கடைசியில் இந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு நிம்மதியாக முடியப்போகிறது என்று டீச்சர் நினைத்தாள். நினைத்திருக்கக் கூடாது.

அந்த நாற்காலி எத்தனையோ வெயிலும் மழையும் பார்த்தது. கொழுந்தனாரின் பாரத்தைப் பார்த்ததில்லை. அதன் நான்கு கால்களும் நான்கு பக்கமாக மெல்ல விரியத் தொடங்கின. படாரென்று உடைந்திருந்தால்கூட ஒரு விபத்து என்று போயிருக்கும். அது அவசரப்படவே இல்லை. டீச்சருக்கு நாற்காலி தெரியவில்லை, அவள் ஸ்பூனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்டதெல்லாம் புருஷனின் கண்கள். அவை எங்கோ உயரத்தில் ஒரு புள்ளியைப் பிடித்து, அங்கிருந்து நிதானமாகக் கீழே, இன்னும் கீழே இறங்கின. அவள் திரும்பினாள். கொழுந்தனார் நிமிர்ந்த முதுகோடு, முழங்கால்மேல் வைத்த கை வைத்தபடியே, சுவரைப் பார்த்தபடி, வாயே திறக்காமல் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். பேசாதே என்றால் பேச மாட்டார், எழுந்திருக்காதே என்றால் எழுந்திருக்க மாட்டார். மெத்தென்று தரையைத் தொட்டார்.

"கிரவுண்ட் ஃப்ளோர்" என்றார் மெக்கானிக், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு.

பிறகு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. முகம் சிவந்து, சிவப்பு கறுத்து, உதட்டோரம் நீலம் பாய்ந்தது. கண் இரண்டும் பிதுங்கி அவளையே பார்த்தன. டீச்சர் கிண்ணத்தை எறிந்துவிட்டு அவரை முன்னால் குனிய வைத்து முதுகில் அறைந்தாள், மறுபடி அறைந்தாள், கட்டிலோரம் இருந்த சளி உறிஞ்சும் மெஷினை ஓடவிட்டு அதன் குழாயை வாய்க்குள் விட்டாள். மெஷின் அதன் பாட்டுக்குச் சளசளவென்று எதையோ இழுத்தது. மூச்சு வரவில்லை. அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்னொரு அறை விழுந்ததும் ஒரு கட்டி வெளியே வந்து அவள் கையில் விழுந்தது. அதன் பின்னாலேயே கதவு கிரீச்சிடுவதுபோல மூச்சு வந்தது.

அறையில் அந்த மூச்சுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு தரையிலிருந்து, சுவரைப் பார்த்தபடியே, கொழுந்தனார் கேட்டார்.

"இப்பத் திரும்பலாமாண்ணி?"

டீச்சருக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். கொழுந்தனாரை எழுப்பி, நாற்காலியின் மிச்சத்தை அவர் கையிலேயே கொடுத்து, அடுத்த ஞாயிறு வரை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அனுப்பிவைத்தாள். அவர் அதற்கும் சரிங்கண்ணி என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலின் முன்னால் நின்றாள்.

"ஒரு ஜோக்குக்காகச் செத்துப்போவீங்களா? சொல்லுங்க. நாளைக்கு நாலு பேர் வந்து எப்படிம்மா போனாருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது? கொழுந்தனார் சேர் ஒடஞ்சுது, அதுல போயிட்டாருன்னு சொல்லட்டுமா?"

சொல்லி முடித்ததும் அந்த வாக்கியம் அவள் காதிலேயே விழுந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைக் கேட்டு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார்கள் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான். அவள் பாத்ரூமுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு, விலா நோகச் சிரித்தாள். மீசையோடு இறங்கிப்போன அந்த முதுகு கண்முன் வந்து வந்து நின்றது. உதடு நீலம் பாய்ந்த மனிதர் அடுத்த அறையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார், பெண்டாட்டி பக்கெட்டில் உட்கார்ந்து சிரிக்கிறாள். தன்னைப்போல ஒரு கேடுகெட்டவள் உலகத்தில் இருப்பாளா என்று நினைத்தாள். நினைத்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அவர் பார்த்தார். அழுதாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"பொய். சிரிச்சே. எனக்குக் காதாவது ஒழுங்கா வேலை செய்யுது."

அவள் தரையில் சிதறிக் கிடந்த கூழைத் துடைத்தாள். அவர் விடவில்லை. ஒரு வருஷமாக எவ்வளவு பாடுபட்டேன், உதட்டோரத்தில்கூட ஒரு அசைவு கிடையாது, எனக்குத் தெரியாமல் பாத்ரூமில் போய்ச் சிரிக்கிறாயே, இது நியாயமா என்று மூச்சு விட்டு விட்டுக் கேட்டார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. டீச்சர் துடைத்த துணியைத் தரையிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"குழாய் போட்டுக்கங்க. தாராளமாச் சிரிக்கலாம். நான் தடுக்கவே மாட்டேன். ருசி போயிடும்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தக் கண்றாவிய நானும் தின்னு பாத்துட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் மேற்கூரையைப் பார்த்தார். ஏதாவது ஒரு ஜோக்கைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"குழாய் போட்டா நீ உக்கார மாட்டே" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை நின்று சொன்னார். காலையில் எழுந்ததிலிருந்து அவள் இந்த அறைக்குள் எத்தனையோ முறை வருகிறாள். புரட்டிப் போடுகிறாள், விரிப்பு மாற்றுகிறாள், மருந்து கொடுக்கிறாள், மெஷினைக் கழுவுகிறாள், மருந்துக் கடைக்காரனோடு போனில் சண்டை போட்டபடி குறுக்கே போகிறாள். உட்காருவது சாப்பாடு ஊட்டும்போது மட்டும்தான். அப்போது மட்டும்தான் அவள் முகம் அவர் முகத்துக்கு நேராக இருக்கிறது.

"டாக்டர் என்ன சொன்னார்? குழாய்ல சாப்பாட்டுப் பைய மாட்டி விட்டுட்டு நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாக்கலாம்னார். அதுக்கு நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்பாடா என்று சொன்னாள். வாய்விட்டு, டாக்டர் சிரிக்கும்படியாக, அப்பாடா என்று சொன்னாள். அப்போது அவர் சக்கர நாற்காலியில் பக்கத்திலேயே இருந்தார். அதற்கு அடுத்த வார்த்தையாகத்தான் அவர் வேண்டாம் என்றார். இத்தனை மாதம் விடை தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்குக்கு விடை அவள் வாயிலிருந்தே வந்திருந்தது. இல்லை, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்த அர்த்தத்தில்தான் சொன்னாள். பை பாட்டுக்கு இறங்கும், அதற்குள் துணி துவைத்துவிடலாம் என்றுதான் அவள் மனம் அன்றைக்குக் கணக்குப் போட்டது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. மனுஷன் இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே, இதற்காகவா ஒவ்வொரு வேளையும் செத்துப் பிழைத்தோம் என்று வந்தது.

"உக்கார்றேன்" என்றாள்.

எவ்வளவு நேரம் என்று அவர் கேட்டார். பை தீருகிற வரைக்கும் என்றாள். கையில் துணி மடிக்கிற வேலை, போன் பேசுகிற வேலை எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். சரி என்றாள். நடுவில் குக்கர் விசில் அடித்தால் என்றார். அடித்துவிட்டுப் போகட்டும் என்றாள். பேரம் அத்தனையும் முடிந்த பிறகுதான் அவர் தலையை ஆட்டினார். தெருவில் சாமான் வாங்குகிறவன்கூட இத்தனை இழுக்க மாட்டான்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன் என்றார். துளை போடும்போது ஒரு முறை மூச்சு முரண்டு பிடித்தது. வெளியே டீச்சரும் கொழுந்தனாரும் எதிரெதிர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. கடைசியில் நர்ஸ் வந்து, கண் முழித்ததும் இது எத்தனாவது மாடி என்று கேட்கிறார், அவருக்கு நினைவு தடுமாறுகிறதா என்று விசாரித்தாள். இல்லை, அவர் எப்போதும் இப்படித்தான் என்று டீச்சர் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொழுந்தனாரின் தோளில் தலையை வைத்து அழுதாள். கொழுந்தனார் விறைப்பாக நின்று தோளைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் டீச்சர் தானே பையை மாட்டினாள். பால் நிறத்தில் ஒரு திரவம் சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறங்கியது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள், மூன்றாவது முறையும் பார்த்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

கையில் ஸ்பூன் இல்லை. முழுங்குங்க என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய வாய் முழுக்கக் காலியாக, பேசுவதற்கென்றே அங்கே இருந்தது. அந்தப் பேச்சும் போகப்போகக் குறையும், ஒரு நாள் நின்றே போகும் என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். ஆரம்பிப்பார், இதோ ஆரம்பிப்பார் என்று டீச்சர் காத்திருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் ஆள் சும்மா இருந்தால் என்ன பேசுவதென்றே அவளுக்குத் தெரியவில்லை. வகுப்பில் பேசாதே என்றுதான் சொல்லிப் பழக்கம். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

இப்போது ஒரு ஜோக் வரும் என்று எதிர்பார்த்தாள். அதற்காகப் பல்லைக்கூடக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தான் டீச்சர்" என்றார் அவர்.

அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்தாள், அப்போதும் வரவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்து, அசையாமல் கிடந்த அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. இத்தனை நாள் அந்தக் கையைத் துடைத்திருக்கிறாள், நகம் வெட்டியிருக்கிறாள், சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. பை பாதி இறங்கியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுகையோடு எரிச்சலும் வந்தது.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா என்ன? ஒரு வருஷமா ரெண்டு பேரும் தனித்தனியாப் பயந்துக்கிட்டு இருந்திருக்கோம்."

அவர் நிதானமாக யோசித்தார். முகத்தில் தம்பியின் சீரியஸ் அப்படியே வந்து உட்கார்ந்தது.

"எங்க சொல்ல விட்டே? வாயில சாப்பாட்ட வெச்சுக்கிட்டுப் பேசக் கூடாதுன்னுட்டே" என்றார்.

டீச்சர் அவரை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையோடு சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், தோள் குலுங்க, கட்டில் கிரீச்சிட, தொண்டையில் ஏதோ கரகரக்க, நடுவில் இருமிக்கொண்டு, இருமி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சிரித்தார். அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். போதும் நிறுத்துங்க என்று சொல்லவில்லை.